குரைக்கிற சீடி

கலஹிட்டிய தோட்டம், கீழ் லயம்,
கரவனெல்ல.
2008 நவம்பர் 10

அண்ணே,

போன மாசம் லீவுல வந்தப்ப நீ வச்சுட்டுப் போன லெப்டொப்ப பத்தித் தான் எழுதுறேன். நலம் விசாரிக்க எனக்கு நேரமில்ல. நானும் அம்மாவும் உசுரோட தான் இருக்கோம்.

அது மெஷினா, கெழட்டு மாடா? ஆன் பண்ணிட்டு அம்மா மலைக்குப் போயி முப்பது ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்துரும். அப்பவும் அந்த சின்னக் கோடு ஓடிக்கிட்டே இருக்கு.

டவுன்ல றஊப் நானா கடை முன்னுக்கு ஒரு மேசை தர்றேன்னு சொல்லிட்டாரு. தோட்டத்து சனத்துக்கு ஐடி கார்டு போர்ம், பேர் திருத்துற கடிதம் எல்லாம் சிங்களத்துலயும் தமிழ்லயும் டைப் பண்ணிக் குடுக்கலாம். ஐடி இல்லாம இப்ப பஸ் ஏற முடியுதா? அவிசாவளைக்கு அங்கிட்டு எத்தன எடத்துல எறக்கி நிப்பாட்டுறானுங்க. எல்லாருக்கும் வேணும். ஏ.எல். படிப்ப நான் பாதியில விட்டதுக்கு நீ மூணு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க. விட்டாச்சு, விட்டது தான். மரம் வெட்டவும் போக மாட்டேன். எனக்கு அந்த மேசை வேணும்.

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துற ஹுஸைன் சேர் பாத்துட்டு, 128 எம்பி ரேம்ல எக்ஸ்பி இப்பிடித் தான் இழுக்கும், எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் 98 போடுன்னு சீடியும் தந்துட்டாரு. ஞாயித்துக்கெழம அழிக்கப் போறேன். சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா சீக்கிரம் சொல்லு. நாளைக்கு நானா சாமான் எடுக்க கொழும்புக்கு வர்றாரு. அவர் கையில தான் இத குடுக்குறேன்.

சரோன்


கொழும்பு
2008 நவம்பர் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

றஊப் நானா வாசலில் நிற்கிறார். கடையில் ரிப்பேர் மேசையிலேயே வைத்து எழுதுகிறேன். முதலாளி முக்தார் நானா பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

முதலில் ஒன்று. அழிக்காதே. அந்த 98 சீடியைத் திருப்பிக் கொடுத்துவிடு. 98க்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. டைப் பண்ணியதை எதில் கொண்டுபோய் பிரிண்ட் எடுப்பாய்? உபுண்டு என்று ஒன்று சும்மாவே கிடைக்கிறது, நல்லது தான், ஆனால் அதற்கு இதைப் போல இரண்டு மடங்கு ரேம் வேண்டும். அதைவிடச் சின்னது ஸுபுண்டு. அதுவும் 128இல் மூச்சு வாங்குகிறது. இதே மாதிரிப் பழைய மெஷின் மூன்றில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒழுங்காக ஓடியது பப்பி லினக்ஸ் ஒன்று தான். சீடி இத்துடன் இருக்கிறது.

இது டிஸ்கில் ஏறாது. சீடியைப் போட்டு ஆன் பண்ணு, சீடியிலிருந்தே ஓடும். வேலை முடியும் வரை அதை வெளியே எடுக்காதே. டிரைவ் படத்தை அமத்தித் திறந்தால் ஒழிய உள்ளே டிஸ்க் இருப்பதையே அது காட்டாது. நீ திறக்க வேண்டாம். ஓஃப் பண்ணும்போது இதையெல்லாம் சேமிக்கவா என்று கேட்கும். ஒவ்வொரு தடவையும் நோ அமத்து. ஒரு நாள் யெஸ் அமத்தினாலும் டிஸ்கில் எழுதிவிடும், அடுத்த தடவை நீ விட்ட இடத்திலிருந்தே எல்லாம் திறந்து வரும்.

இங்கே போன கிழமை தமிழ் ஆட்களைப் பொலிசில் மறுபடி பதியச் சொன்னார்கள். அரை நாள் வரிசை. போனில் இந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. தபாலிலும் போடாதே. தோட்டத்துக்கு வரும் தபாலைக் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பேர் கூப்பிட்டுத் தானே கொடுக்கிறார்கள். றஊப் நானா கையில் மட்டும் கொடு. வாசித்ததும் அடுப்பில் போடு.

ரொபர்ட்


கலஹிட்டிய
2008 டிசம்பர் 1

அண்ணே,

உன் சீடி குரைக்குது. ஸ்கிரீன் வந்ததும் லொள் லொள்னு ரெண்டு சத்தம். மொத நாள் லயத்துல பக்கத்து காம்பரா நாய்க்கு வெறி புடிச்சிருச்சு. நானா கடைக்கு சனம் அத கேக்கவே வருது. வேகத்துல கொற சொல்ல ஒண்ணும் இல்ல, நான் தலை சீவி முடிக்கிறதுக்குள்ள வந்துருது.

ஆனா தமிழ் எழுத்து வரல. எல்லாம் கட்டம் கட்டமா நின்னுச்சு. பாமினி எழுத்து அந்த எக்ஸ்பிக்குள்ள கெடக்கும்னு தெரியும். டிரைவ் படத்த அமத்தினேன். நீ வேணாம்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் அமத்தினேன்.

பாமினி கெடச்சுது, பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கிட்டேன். அது கூட ஒரு பைலும் கெடச்சுது. உள்ள போட்டோ. அஞ்சாறு வயசு பொம்பளப் புள்ள, முன்னுக்கு ரெண்டு பல்லு இல்ல, கேக்கு முன்னால நின்னு சிரிக்குது. இன்னொண்ணுல அது ஸ்கூல்ல நிக்குது. பின்னுக்கு கட்டியிருக்குற துணியில ஊர் பேரு. அந்தப் பேர எழுதக்கூட எனக்கு கை வரல. நியூஸ்ல தெனமும் சொல்றான்ல, சண்ட நடக்குற எடம்னு. அதுக்கு கீழ பொறப்பு சர்டிபிகட்டு, ஸ்கேன் பண்ணினது.

யாரு அது? கடையில வீசப் போன மெஷின்னு தான என்கிட்ட சொன்ன? ராவுல அது கட்டிலுக்கு கீழ கெடக்கு, அதுக்கு மேல அம்மா படுத்துத் தூங்குது. போன வெள்ளிக்கெழம பெரட்டுல கணக்கப்புள்ள ஒரு பட்டியல் வாசிச்சாரு. கொழும்புல வேல செய்ற புள்ளைங்க பேரு பொலிசுக்கு குடுக்கணுமாம். உன் பேரு நாலாவது. அதுக்குப் பொறவு கோயில்ல அம்மாவோட பெஞ்சில யாரும் உக்காரல.

ஹுஸைன் சேர் சீடிய நான் இன்னும் திருப்பிக் குடுக்கல. ஞாயித்துக்கெழம அழிக்கிறேன்.

சரோன்


கொழும்பு
2008 டிசம்பர் 2

சரோன்,

பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்.

அந்த மெஷின் கோகிலா என்ற அக்காவுடையது. அந்தப் பக்கத்து ஆள். ஏதோ பேப்பர் வேலைக்குக் கொழும்பு வந்து, பாதை மூடிப் போனதால் லொட்ஜில் மாட்டிக்கொண்டவர். புருஷனும் பிள்ளையும் சண்டை நடக்கும் இடத்துக்கு உள்ளே. மெஷின் உயிர் வரவில்லை என்று கொண்டுவந்தார். செய்து தர முடியுமா என்று கூடக் கேட்கவில்லை. "தம்பி, படங்கள் மட்டும் போகாமல் பாருங்கோ, என்னட்டை வேற இல்லை" என்றார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார். வரவில்லை. லொட்ஜில் விசாரித்தேன். அந்த மாடியில் இருந்த எல்லாரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

முக்தார் நானா நல்ல மனிதர். பயத்தில் அதைக் கால்வாயில் போடு என்றார். நான் கால்வாய் வரை போனேன். முடியவில்லை. என் ரூமிலும் வைக்க முடியாது. உன்னிடம் கொண்டுவந்தேன். அது பிழை தான்.

அழிக்காதே. மெஷினைத் திருப்பினால் அடியில் இரண்டு ஆணி, கழற்றினால் உள்ளங்கை அளவு டிஸ்க் கையோடு வரும். அது இல்லாமலே பப்பி ஓடும். அதனால் தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். டிஸ்கைத் தண்ணீர் படாத இடத்தில் வை. எங்கே என்று எனக்கும் எழுதாதே.

ரொபர்ட்


கலஹிட்டிய
2009 ஜனவரி 5

அண்ணே,

கழட்டிட்டேன். மெஷின் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. மேசையில காலையில இருந்து ஆளு. நேத்து மேல் லயத்து கெழவருக்கு போர்ம் அடிச்சேன். எழுவது வயசுல மொத ஐடி. போட்டோ புடிக்க சட்டை இரவல்.

நான் ஏன் அழிக்கலன்னு கேக்காத. கோவம் தீர்ந்தா அழிச்சிருவேன்னு நெனச்சேன். கோவம் தீரல, அதுனால அழிக்கல.

டிஸ்க நான் வச்சிருக்குற எடம் இந்தத் தோட்டத்துல யாருக்கும் தோணாது. அம்மாவுக்கும் தெரியாது. அது தெரியாம இருக்குறது தான் நல்லது.

நீ அங்க ஒழுங்கா சாப்பிடுறியா?

சரோன்


கலஹிட்டிய
2009 பெப்ரவரி 2

அண்ணே,

இத முழுசா வாசிச்சிட்டு எரிச்சிரு.

டிஸ்க எங்க வச்சேன்னு இப்ப சொல்லலாம், இப்ப ஊருக்கே தெரியும். ரெண்டு பொலித்தீன்ல சுத்தி, அதுக்கு மேல ஒட்டுப்பால இழுத்து இழுத்து சுத்தி, கிரிக்கட் பந்த விடப் பெருசா ஒரு உருண்டையாக்கிட்டேன். மரத்துலயும் செரட்டையிலயும் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குற அந்த ரப்பர அம்மா உருட்டி உருட்டி குசினிக்குப் பின்னால சாக்குல போடும்ல. அதுக்கு அடியில போட்டேன். இருவது உருண்டையில ஒண்ணு. தண்ணி எறங்காது. கெட்டிக்காரின்னு நெனச்சேன் என்னைய.

இது இலை உதிர்ற மாசம். பால் கொறவு. வியாழக்கெழம அம்மா எட நெறவாகட்டும்னு அடி வரைக்கும் அள்ளி சாக்கோட கொண்டு போயிருச்சு. நிறுக்குறது வேலுசாமி கங்காணி. சனம் எடைக்கு கல்லு வச்சு உருட்டுதுன்னு அந்தாளு ஒவ்வொரு உருண்டையையும் கத்தியால பொளந்து தான் தராசுல போடுவாரு. இது எனக்கு சின்ன வயசுல இருந்து தெரியும். எப்பிடி மறந்தேன்னு தான் தெரியல.

பொளந்தாரு. பொலித்தீன். அதுக்குள்ள இரும்பு, ஓரத்துல வரிசையா ஊசி ஊசியா கம்பி. குண்டுன்னு கத்திட்டு கத்தியப் போட்டுட்டு ஓடினாரு பாரு. வரிசையில நின்ன சனம் முழுக்க ஓடிச்சு. வாளி எல்லாம் கவுந்து நெலம் வெள்ளையாயிருச்சு. அம்மா மட்டும் நின்னுச்சு. முழங்கால் வலி, ஓட முடியல. அந்த உருண்டை அதோட காலடியில.

சேதி கேட்டு நான் டவுன்ல இருந்து ஓடி வர்றதுக்கும் பொலிஸ் ஜீப் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. ஒரு சார்ஜனும் துவக்கோட ஒரு பொடியனும். நான் நேரா போயி அது என்னோடதுன்னேன். சிங்களத்துல தான். அண்ணைக்கு என் வாயில தமிழ் வரல. கம்ப்யூட்டர் டிஸ்க் மாத்தயா, செத்துப் போச்சுன்னேன்.

ஏன் ரப்பர்ல சுத்தினன்னு கேட்டாரு.

"மழ படாம இருக்க. எங்களுக்குத் தெரிஞ்சது ரப்பர் தான மாத்தயா."

அந்தாளு தங்கச்சிய கூப்பிடுற மாதிரி நங்கின்னாரு, ஆனா சிரிக்கல. "செத்தத எதுக்கு நங்கி மழையில இருந்து காப்பாத்துற?"

அண்ணே, அங்க தான் நான் பிழ விட்டேன். கொழும்புல எங்கண்ணே ரிப்பேர் கடையில இருக்கு, கொண்டு போயி திருத்தித் தரும்னு சொல்லிட்டேன். உடனே உன் பேரு, கடை, ரூம் அட்ரஸ் எல்லாம் கேட்டாரு. சொன்னேன். அம்மா பக்கத்துல நின்னுச்சு, அந்தப் பொடியன் பக்கத்துல நின்னான், நான் சொன்னேன்.

பொறவு நானா கடைக்குப் போயி மெஷின எடுத்தாந்தாங்க. டிஸ்க உள்ள போட்டு, செத்திருக்குன்னு காட்டுன்னாரு. ரப்பர் நிறுக்குற ஸ்டோர் மேசையில வச்சு ஆணிய முறுக்குறேன், கை வழுக்குது. சீடி உள்ள இருந்துச்சு. நீ சொன்னது மட்டும் தான் மண்டையில ஓடுது. அமத்தினா ஒழிய காட்டாது. ஒரு நாள் யெஸ் அமத்தினாலும் எல்லாம் திறந்து வரும். டிசம்பர்ல பாமினி எடுத்த அண்ணைக்கு நான் என்ன அமத்தினேன்? அந்தப் புள்ள சிரிக்கிற படம் அப்ப ஸ்கிரீன்ல திறந்தே இருந்துச்சு. அது யெஸ்ஸா, நோவா? சத்தியமா ஞாபகம் இல்ல அண்ணே.

கறுப்புல எழுத்து ஓடுது. அம்மா செபம் சொல்லிச்சு, தமிழ்ல, சத்தமா. நிப்பாட்டச் சொல்லவும் முடியல. லொள் லொள்னு குரைச்சதும் பொடியன் துவக்கத் தூக்கிட்டான். ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல. நீலம், நாலஞ்சு படம், அவ்வளவு தான். நோ தான் அமத்தியிருக்கேன்.

டிஸ்க் எங்கன்னு கேட்டாரு. தெரியல பாருங்க மாத்தயா, செத்தது எப்பிடி தெரியும்னேன். பழைய மெஷினுக்கு இந்த மாதிரி லேசானது தான் போடணும், டிஸ்கே வேணாம்னு வகுப்பு எடுக்குற மாதிரி பேசிக்கிட்டே இருந்தேன். நிப்பாட்டினா அழுதுருவேன்.

கடைசியில என்ன கேட்டாரு தெரியுமா? ஸ்டேஷன் கம்ப்யூட்டரும் இப்பிடித் தான் இழுக்குதாம். அந்த சீடியக் குடுன்னாரு. குடுத்தேன். டிஸ்க என் கையிலயே வச்சுட்டுப் போயிட்டாரு. ஒவ்வொரு சனிக்கெழமையும் நான் ஸ்டேஷனுக்குப் போயி கையெழுத்து போடணும்.

உன் அட்ரஸ சொல்லிட்டேன். ரூம மாத்து. இத வாசிச்ச ஒடனே மாத்து.

சரோன்


கலஹிட்டிய
2009 பெப்ரவரி 9

அண்ணே,

நீ கடையிலயும் இல்ல, ரூம்லயும் இல்லன்னு றஊப் நானா சொன்னாரு. என் கடிதத்த முக்தார் நானாகிட்ட குடுத்துட்டு வந்தாராம். அவரு வாங்கிட்டு உள்ள போயிட்டாராம்.

அம்மாகிட்ட உனக்கு வேல கூடன்னு சொல்லியிருக்கேன். அது நம்பல.

நான் சொன்னதுனாலயா? அத மட்டும் எழுது. வேற ஒண்ணும் எழுத வேணாம்.

சரோன்


கொழும்பு
2009 மார்ச் 31

சரோன்,

இருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

ஜனவரி 31, சனிக்கிழமை காலை வந்தார்கள். உன்னால் இல்லை. அந்தக் கிழமை எங்கள் தெரு முழுக்க அள்ளினார்கள். அப்படித் தான் நினைக்கிறேன். முக்தார் நானா கடைப் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை வந்து நின்று கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார். மற்றதை எழுத மாட்டேன். நேரில் வந்தாலும் கேட்காதே.

லெப்டொப் பற்றிக் கேட்டார்கள். அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, கேட்ட ஒவ்வொரு தடவையும். அதனால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

சீடி அனுப்புகிறேன். ஸுபுண்டுவின் பழைய பதிப்பு. இது டிஸ்கில் ஏறும் வகை. முழு டிஸ்கையும் அழிக்கவா என்று கேட்கும். யெஸ் அமத்து. மெஷினில் ஓடுமா ஓடாதா என்பது இப்போது முக்கியமில்லை.

கோகிலா அக்கா வர மாட்டார். அங்கே நடப்பதைப் பார்த்தால் யார் வரப் போகிறார்கள். நான் முட்டாள்தனமாக உன்னையும் அம்மாவையும் இதில் மாட்டிவிட்டேன். அழி. அழித்ததும் எனக்கு எழுது.

ரொபர்ட்


கொழும்பு
2009 ஜூலை 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. றஊப் நானாவிடம் கேட்டால் பிள்ளை சுகம் என்கிறார். சனிக்கிழமைகளில் போய் வருகிறாய் என்கிறார். அழித்துவிட்டுக் கோபத்தில் இருக்கிறாய் என்று விளங்குகிறது.

நேற்று ஒருவர் கடைக்கு வந்து ஒரு துண்டுக் கடதாசி தந்தார். வவுனியா முகாமில் வேலை செய்பவராம். கொப்பித் தாளில் பென்சிலால் எழுதியது. அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி, என்னை ஞாபகம் இருக்குமோ தெரியாது. கம்ப்யூட்டர் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்திருங்கோ. அதில் என் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அதை மட்டும் ஒரு தாளில் எடுத்து இவரிடம் கொடுத்துவிடுங்கோ. கோகிலா."

இவர் அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அவரிடம் என்ன சொல்வது? நான் தான் அழிக்கச் சொன்னேன், நீ செய்தாய், உன்மேல் பிழை இல்லை. ஆனால் வேறு யாரிடம் இதைச் சொல்ல? காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

ரொபர்ட்


கலஹிட்டிய
2009 ஜூலை 13

அண்ணே,

அழிக்கல.

நாலு தடவ உன் சீடியப் போட்டு அந்தக் கேள்வி வரைக்கும் போனேன். முழுசா அழிக்கவான்னு கேட்டுட்டு அது பாட்டுக்கு நிக்கும். வெரல் யெஸ் மேல. அங்க உன்னைய அவனுங்க கேக்குறதும் இங்க இது கேக்குறதும் ஒண்ணு மாதிரியே இருந்துச்சு. நாலு தடவையும் வயர புடுங்கிட்டேன். அழிச்சேன்னு உனக்குப் பொய் எழுதவும் முடியல, அழிக்கலன்னு எழுதினா நீ தூங்க மாட்ட. அதுனால தான் எழுதல.

நேத்து அம்மா பூசைக்குப் போனதும் கதவ சாத்திட்டு டிஸ்க உள்ள போட்டேன். குரைக்கிற சீடி தான் இல்லையே. எக்ஸ்பி தான். அதே கோடு, அதே இழுவை. இந்தத் தடவ நான் திட்டல. சர்டிபிகட்டு வர்றப்ப அம்மா திரும்பி வந்துருச்சு. ஒளிக்க நேரமில்ல. யாரு புள்ளன்னு கேட்டுச்சு. எல்லாத்தையும் சொன்னேன், கால்வாய்ல இருந்து. ஏசும்னு நெனச்சேன். அந்தக் கேக்குப் படத்த ரொம்ப நேரம் பாத்துச்சு.

"இந்நேரம் பல்லு மொளச்சிருக்கும்"னு மட்டும் சொல்லிட்டு அடுப்பப் பத்த வைக்கப் போயிருச்சு.

பென் டிரைவ்ல எடுத்து இன்னைக்கு நானா கடையில பிரிண்ட் போட்டேன். இதோட இருக்கு, நாலா மடிச்சு அரிசிப் பேக்குக்குள்ள. போட்டோவ அனுப்ப எனக்கு தைரியம் வரல. ஒரு படம் கூட இல்லன்னு அந்த அக்கா நெனச்சுறக் கூடாது. எல்லாம் இருக்குன்னு சொல்லு. பதினேழு படம்.

நான் இன்னும் சனிக்கெழம போறேன். குரைக்கிற சீடி ஸ்டேஷன்ல தான் ஓடுது. நான் வாசல்ல நிக்கிறப்ப ஆன் பண்ணுவாங்க, உள்ள இருந்து குரைக்கும். அந்த சார்ஜன் என்னையப் பாத்து சிரிப்பாரு. போன கெழம, செத்துப் போன டிஸ்க கொழும்புக்கு அனுப்பிட்டியா நங்கின்னு கேட்டாரு. சும்மா கேட்டாரா, தெரிஞ்சு கேட்டாரான்னு புரியல. இன்னும் இல்ல மாத்தயான்னு சொல்லிட்டு கையெழுத்து போட்டேன்.

ஒண்ணு கேக்கணும். சர்டிபிகட்டு எதுக்குன்னு அந்த அக்கா எழுதல. புள்ள கூட இருக்குதான்னும் எழுதல. வர்ற ஆளுகிட்ட நீ கேளு. இல்ல, வேணாம், கேக்காத. அவங்களாச் சொன்னா மட்டும் எனக்கு எழுது. அம்மா தெனமும் கேக்குது.

டிஸ்க திரும்பக் கழட்டிட்டேன். இப்ப அத அம்மா தான் எங்கயோ வச்சிருக்கு. எங்கன்னு எனக்கும் தெரியாது.

சரோன்